முயல் அறை அல்போன்சம்மாள்

ஜூரோங்கில் ஹோ சூன் என்றொரு மருந்துத் தொழிற்சாலை இருந்தது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் சேலைன், குளுக்கோஸ் டிரிப் பாட்டில்கள்தான் அங்கே முக்கியத் தயாரிப்பு. எழுபத்தாறில் நான் அங்கே தட்டச்சராகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த மேசை முயல் அறைக்கு அடுத்த அறையில். நடுவில் ஒரு கதவு மட்டும்.

"லீலா, வாடைக்கு மூக்கப் பொத்தாத. ஒரு வாரத்துல பழகிடும்" என்று முதல் நாளே கதவைத் திறந்து சொன்னவர் அல்போன்சம்மாள் அக்கா. வாடை எனக்குக் கடைசிவரை பழகவில்லை. அக்கா பழகிவிட்டார்.

அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வீடு குவீன்ஸ்டவுனில். கணவர் இயேசுதாசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இரண்டு பெண்பிள்ளைகள். அக்கா தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர். ஆங்கிலத்தில் எண்களும், ஆய்வகத்தில் புழங்குகிற ஐம்பது அறுபது சொற்களும் தெரியும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை முயல் நகம் கீறிய கோடுகள். ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் ரோட்டு மாதா கோயிலில் பூசை முடிந்து, தேக்காவில் மீனும் காயும் வாங்கப் போகும்போதும் கைநீளச் சட்டைதான் போட்டிருப்பார்.

அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். டிரிப் தண்ணீரிலுள்ள கிருமியைச் சூட்டில் கொன்றுவிடலாம். ஆனால் செத்த கிருமியின் மிச்சம் தண்ணீரில் தங்கிவிடும். அது ரத்தத்தில் கலந்தால் நோயாளிக்குக் குளிர்காய்ச்சல் தூக்கிப்போடும். பலவீனமான ஆளாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அன்றைக்கு விதி ஒப்புக்கொண்ட ஒரே வழி முயல். ஒவ்வொரு பேட்சுக்கும் மூன்று முயல்கள். தலையை மட்டும் வெளியே நீட்டும்படி அவற்றைப் பெட்டியில் உட்கார வைத்து, பின்புறம் தெர்மாமீட்டர் கம்பியைச் செருகி, காது நரம்பில் அந்தத் தண்ணீரை ஏற்றி, மூன்று மணி நேரத்துக்கு அரைமணிக்கு ஒருதடவை சூடு பார்க்க வேண்டும். சூடு ஏறாவிட்டால் பேட்ச் பாஸ். அக்கா எழுதிக் கொடுக்கும் எண்களை நான் தட்டச்சு செய்து, கெமிஸ்ட் கையெழுத்துப் போட்டபிறகுதான் லாரி கிளம்பும்.

முயல்களுக்கு அக்கா பெயர் வைத்ததில்லை. காதில் பச்சை குத்திய எண்தான். "பேரு வெச்சா கை நடுங்கும். கை நடுங்குனா அதுக்குத்தான் வலி" என்பார்.

எழுபத்தெட்டில் இயேசுதாசனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மறுநாள் ஒரு புதுப் பாட்டில் டிரிப் மாட்டிய முக்கால் மணியில் அவருக்கு நடுக்கம் கண்டது. பல் கிட்டி, கட்டில் கம்பியெல்லாம் கடகடவென்று ஆடியதாம். பக்கத்தில் இருந்த அக்காதான் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்து டிரிப்பை நிறுத்த வைத்தார். அது எங்கள் பாட்டில் இல்லை, வெளிநாட்டுச் சரக்கு. அவர் பிழைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பிய அக்கா என் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாலு வருஷமா நம்பர் நம்பரா எழுதுறேன் லீலா. அது என்ன நம்பருன்னு அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்."

அதற்குப்பிறகு அக்கா தெர்மாமீட்டரை ஒருமுறைக்கு இருமுறை பார்க்க ஆரம்பித்தார்.

எண்பத்தொன்றில் வெளிநாட்டில் பயிற்சி முடித்துவிட்டு மிஸ்டர் குவேக் எங்கள் பிரிவுக்குத் தலைமைக் கெமிஸ்டாக வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். வரும்போது ஒரு பெட்டி நிறையச் சின்னக் குப்பிகள் கொண்டுவந்தார். குப்பிக்குள் வெள்ளைத் தூள். சின்னக் கண்ணாடிக் குழாயில் அதோடு ஒரு துளி டிரிப் தண்ணீரைக் கலந்து, வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்துக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். ஓடி வழிந்தால் தண்ணீர் சுத்தம். ஜெல்லி மாதிரி உறைந்து அப்படியே நின்றால் அசுத்தம். அவ்வளவுதான் சோதனை.

"இந்தத் தூள் எதுல செய்றது?" என்று அக்கா கேட்டார். இருவரும் பேசிக்கொள்வது சந்தை மலாயில்.

"பலாங்காஸ் ரத்தத்துல." குதிரை லாட நண்டுக்கு மலாயில் அப்படித்தான் பெயர்.

"அட, சேத்துல கெடக்குமே, சட்டி கவுத்த மாதிரி? எங்க வீட்டுக்காரர் கிராஞ்சியில வலை போட்டா மாட்டும். அதோட ரத்தம் நீலமா இருக்கும்."

குவேக் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்து நான் பார்த்தேன். அமெரிக்காவில் சில பொருள்களுக்கு முயலுக்குப் பதிலாக இந்தச் சோதனையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று அவர் சொன்னார். இங்கே விதியில் முயல் என்றுதான் இருந்தது. அதனால் குழாய்ச் சோதனை எங்களுக்குள் பார்த்துக்கொள்ள மட்டும், தாளில் ஏறாது. குழாயைக் கையாள அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தார். கை ஆடக் கூடாது, கண்ணாடியெல்லாம் ஓவனில் சுட்டெடுத்திருக்க வேண்டும், விரல் பட்டாலே கெட்டுவிடும். முயலுக்கு ஊசி போட்டுப் பழகிய கைக்கு அது சுலபமாக வந்தது.

எண்பத்து மூன்று மார்ச்சில் ஒரு சேலைன் பேட்ச் வந்தது. மூன்று முயல்களுக்கும் சூடு ஏறவில்லை. குழாயோ கல் மாதிரி உறைந்து நின்றது. அக்கா இரண்டாவது குழாய் வைத்தார், மூன்றாவதும் வைத்தார். மூன்றும் உறைந்தன.

"முயல் பாஸ் சொல்லுது. விதியில முயல்தான்" என்றார் குவேக். அவர் முகத்தில் நிம்மதி இல்லை. ஆஸ்பத்திரிகள் சரக்குக் கேட்டு நெருக்குகிற நேரம். மேனேஜர் காலையிலிருந்து இரண்டுமுறை கீழே வந்து போயிருந்தார்.

"இந்த மூணு முயலும் பாஸ்தான் சொல்லும்" என்றார் அக்கா. "போன மாசம் ரெண்டு தடவ கெட்ட தண்ணி ஏத்தி காய்ச்சல் கண்ட முயலுங்க இது. அப்படிக் காய்ச்சல் கண்டா மூணு வாரம் ஓய்வு குடுக்கணும். முயல் பத்தலைன்னு பத்தே நாள்ல திரும்ப எடுக்கச் சொன்னாங்க. ஒடம்பு அந்த விஷத்துக்குப் பழகிப்போச்சு. இனிமே எத ஏத்துனாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்."

அக்கா என்னிடம் வந்தார்.

"லீலா, தாள்ல கடைசியா குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குல்ல. அதுல நான் சொல்றத இங்கிலீஷ்ல அடி."

"அக்கா, அதுல யாரும் ஒண்ணும் எழுதுறதே இல்ல. மேனேஜர் பாத்தா என்னையும் சேத்துத் திட்டுவாரு."

"நான் சொன்னேன்னு அடி. என் கையெழுத்தப் போடுறேன். நம்பர் எல்லாம் நான் பாத்த நம்பர்தான், ஒண்ணையும் மாத்தல. முயல் எப்படிப்பட்ட முயல்னும் அவங்களுக்குத் தெரியட்டும்."

அவர் சொன்னதை அப்படியே அடித்தேன். முயல்களின் எண்கள், அவற்றுக்குக் காய்ச்சல் கண்ட தேதிகள், ஓய்வு கொடுக்கப்படாத விவரம். கீழே அக்கா தமிழில் தன் முழுப் பெயரையும் எழுதினார். அந்தக் குறிப்பு இருக்கிற தாளில் குவேக்கால் கையெழுத்துப் போட முடியவில்லை. பேட்ச் நின்றது. லிம் சூ காங் பண்ணையிலிருந்து புது முயல்கள் வரவழைத்து, முறைப்படி பழக்கி, இரண்டு வாரம் கழித்துச் சோதித்தார்கள். மூன்றுக்கும் காய்ச்சல் ஏறியது. அந்த பேட்ச் மொத்தத்தையும் உடைத்துக் கொட்டினார்கள்.

அக்காவை யாரும் பாராட்டவில்லை. 'ஆள் பற்றாக்குறை' என்று சொல்லி ஆறு வாரம் பாட்டில் கழுவும் பகுதிக்கு அனுப்பினார்கள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றார். சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் ஒருநாள்கூட அதைப்பற்றிக் குறைசொல்லவில்லை. முயல் அறையில் அவருக்குப் பதிலாகப் போட்ட பெண்ணுக்கு முயலைப் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு முயல்களுக்கு முதுகெலும்பு முறிந்தது. அதைக் கேட்ட அன்று அக்கா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை குவேக்கே போய் மேனேஜரிடம் பேசி அவரைத் திரும்ப அழைத்துவந்தார்.

வந்ததும் அக்கா அவரிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"மிஸ்டர் குவேக், முயல்தான்னு எழுதி வெச்சிருக்காங்களே, அந்த விதிய எழுதினவங்க எந்த ஆபீஸ்ல இருக்காங்க?"

குவேக் முதலில் கடிதம் எழுதினார். பதில் இரண்டு வரியில் வந்தது: விதியில் குறிப்பிட்டிருப்பது முயல் சோதனை, வேறு சோதனையை அதற்கு ஈடாக ஏற்க இடமில்லை. அக்கா அந்தக் கடிதத்தை என்னைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். "சரி, நேர்ல போவோம்" என்றார். குவேக் தயங்கினார். விடுப்பு எடுத்துக்கொண்டு அக்காவும் நானும்தான் போனோம்.

மருந்து அனுமதி அலுவலகத்தில் எங்களைப் பார்த்தவர் ஆயிஷா என்ற மருந்தியல் அதிகாரி. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், எங்களை மாதிரி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வயதில் அக்காவைவிடச் சின்னவர். மரியாதையாகப் பேசினார், ஆனால் இம்மியும் அசையவில்லை.

"அக்கா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. நானும் படிச்சிருக்கேன். ஆனா விதியில 'முயலில் சோதிக்கப்பட வேண்டும்'னு இருக்கு. 'வேண்டும்'னு இருந்தா நான் வேண்டாம்னு சொல்ல முடியாது லா. அதுல 'அல்லது'ன்னு ஒரு சொல் சேக்கணும்னா குழு உக்காரணும், சட்ட இலாகா பாக்கணும், மந்திரி ஒப்புக்கணும், அரசிதழ்ல வரணும்."

"ஒரு சொல்லுக்கா?"

"ஒரு சொல்லுக்குத்தான். தப்பான சொல்லச் சேத்துட்டா நாளைக்கு யார் வேணும்னாலும் முயலும் இல்லாம, குழாயும் சரியா வைக்காம சரக்க அனுப்பிடுவாங்க. அப்ப வார்டுல படுத்திருக்கறவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

அக்கா கட்டில் கம்பி ஆடிய கதையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"நீங்க கேக்குறது ஞாயந்தான்" என்றார். "என்ன காட்டுனா குழு நம்பும்?"

"ஒரே பேட்ச முயல்லயும் குழாய்லயும் பக்கத்துப் பக்கத்துல சோதிச்ச கணக்கு. வெளிநாட்டுக் கணக்கு வேண்டாம், இங்க செஞ்சது. எரநூறு பேட்சாவது."

"சரி" என்று அக்கா எழுந்துகொண்டார். படியிறங்கும்போது எனக்குத்தான் மலைப்பாக இருந்தது. "எரநூறுக்கு ரெண்டு வருஷம் ஆகுமேக்கா" என்றேன். "ஆகட்டும். எப்படியும் வேலைக்கு வரத்தான் போறோம்" என்றார்.

முயல் வேலையை முடித்துவிட்டுக் குழாய் வைக்க நேரம் போதாது. அதனால் ஒரு மணி நேரம் முன்னதாக வர ஆரம்பித்தார். மேனேஜர் முதலில் எதிர்த்தார். பிறகு, தொழிற்சாலைக்கு இதனால் முயல் பிரச்சினை தீரும் என்று குவேக் எடுத்துச் சொன்னதும் விட்டுவிட்டார். ஒருமுறை ஓவன் தட்டு சரிந்து அக்காவின் வலது கை வெந்துபோனது. கட்டுப் போட்டிருந்த பத்து நாளும் இடது கையால் குழாயைக் கவிழ்க்கப் பழகிக்கொண்டார். நான் தனியாக ஒரு கோப்பு போட்டு ஒவ்வொரு வரியாக அடித்துச் சேர்த்தேன்.

எண்பத்தைந்து கடைசியில் இருநூற்றுப் பதினான்கு பேட்ச் ஆகியிருந்தது. இருநூற்றுப் பதினொன்றில் முயலும் குழாயும் ஒரே பதில் சொன்னன. மூன்றில் மட்டும் முயலுக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது, குழாயோ சுத்தம் என்றது. மேனேஜர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு அந்த மூன்று வரிகளில் பென்சிலால் கோடு போட்டார்.

"இது இல்லாம திரும்ப அடி" என்றார் என்னிடம்.

நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா அப்படியே மேனேஜர் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன்.

"அந்த மூணும் இருக்கணும் சார். அத எடுத்துட்டா மிச்ச எரநூறும் பொய்யாயிடும்."

"அதைப் பார்த்தால் குழு நிராகரித்துவிடும்."

"நிராகரிச்சா இன்னொரு எரநூறு செய்றேன்."

அக்கா தன் நாட்குறிப்பைத் தேடிப் பார்த்தார். மூன்றில் இரண்டு நாள், பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்குத் தூண் அடித்த நாள்கள். அந்தச் சத்தத்தில் முயல்கள் பெட்டிக்குள் துள்ளித் தவித்ததை எழுதி வைத்திருந்தார். பயத்தில் சூடு ஏறியிருக்கிறது. அந்த இரண்டு பேட்சையும் அமைதியான நாளில் மறுபடி சோதித்தபோது காய்ச்சல் இல்லை. மூன்றாவதற்கு மட்டும் காரணம் கிடைக்கவேயில்லை. 'காரணம் தெரியவில்லை' என்றே என்னை அடிக்கச் சொன்னார்.

எண்பத்தாறு ஜூலையில் குழு கூப்பிட்டது. சோதனையைக் கையால் செய்தவரும் வரவேண்டும் என்று ஆயிஷா குறிப்பாகக் கேட்டிருந்தாராம். அக்கா மஞ்சள் நூல்சேலை கட்டி, கைநீளச் சட்டை போட்டு வந்தார். கோப்பை எடுத்துக்கொண்டு நானும் போனேன். குவேக் அரைமணி நேரம் விளக்கினார். ஏழு பேர் கொண்ட குழு. அதில் மூத்தவரான ஒரு டாக்டர் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார். ஆயிஷா தமிழில் சொன்னார்: "பலாங்காஸும் ஒரு உயிர்தானே, ஒண்ண விட்டு இன்னொண்ணப் பிடிக்கிறதுல என்ன லாபம்னு கேக்குறாரு."

"அது உண்மைதான்" என்றார் அக்கா. "ரத்தம் எடுத்துட்டுத் திரும்பக் கடல்ல விடுறாங்களாம். அதுல கொஞ்சம் செத்தும் போகுதாம். நான் பாத்ததில்ல. பாவமே இல்லாத வழின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா முயல் பயந்தா தப்பாச் சொல்லும், பழகிப்போனா தப்பாச் சொல்லும், சூடு தாங்காம இருந்தாலும் தப்பாச் சொல்லும். பன்னெண்டு வருஷமா அத நான் கையில பிடிச்சிருக்கேன். குழாய்க்குப் பயம் கிடையாது. என் வீட்டு ஆளுக்கு டிரிப் ஏத்தணும்னா குழாய் பாத்த பாட்டில் வேணும்னுதான் கேப்பேன்."

அக்காவையும் என்னையும் வெளியே அனுப்பிவிட்டு, காரணம் தெரியாத அந்த ஒரு பேட்சைப் பற்றி மட்டும் குழு வெகுநேரம் பேசியது. ஒருவர் அதைச் சாக்காக வைத்துத் தள்ளிப்போடச் சொன்னார். ஆயிஷா குறுக்கிட்டு, "இதை மறைக்காமல் கொண்டுவந்திருக்கிறார்கள், அதனால்தான் மற்றதை நம்பலாம் என்கிறேன்" என்றாராம். இதைப் பிறகு குவேக் எங்களிடம் சொன்னார்.

அரசிதழில் திருத்தம் வர இன்னும் பதினான்கு மாதமாயிற்று. எண்பத்தேழு செப்டம்பர். சேலைனுக்கும் குளுக்கோஸுக்கும், 'முயலில், அல்லது அனுமதி பெற்ற ஆய்வகத்தில் குழாய்ச் சோதனையால்' என்று வந்திருந்தது. ஊசிமருந்துகளுக்கும் ரத்தத்திலிருந்து தயாரிப்பவற்றுக்கும் முயல்தான் தொடரும் என்றும் அதிலேயே இருந்தது. நான் வாசித்துக் காட்டினேன். அக்கா அந்த 'அல்லது' எங்கே இருக்கிறது என்று கேட்டு அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அடுத்த நிமிடமே, "மிச்ச மருந்துக்கு எப்ப?" என்றார்.

அறையில் அப்போது ஐம்பத்திரண்டு முயல்கள். இனி பத்துப் பன்னிரண்டு போதும் என்பதால், மீதியை ஒரே நாளில் ஊசி போட்டு முடித்துவிட்டு அறையைக் காலி செய்யச் சொன்னார் மேனேஜர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஊசிமருந்துகளுக்கு இன்னும் முயல் வேண்டியிருக்கிறது. இருப்பவற்றை முறைவைத்து, போதுமான ஓய்வு கொடுத்து எடுத்தால் இரண்டு வருஷத்துக்குப் பண்ணையிலிருந்து ஒன்றுகூட வாங்க வேண்டாம் என்று எண் எண்ணாக எழுதிக் காட்டினார். மேனேஜர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு வருஷத்தில் புது முயல் எதுவும் வரவில்லை. வயதாகிச் செத்தவையும் உண்டு, சோதனையில் போனவையும் உண்டு. எல்லாவற்றையும் அக்கா தன் நோட்டில் எழுதி வைத்தார்.

குழாய்ச் சோதனைப் பிரிவுக்கு அக்காவையே பொறுப்பாளராகப் போட்டார்கள். இரண்டு பெண்களுக்கு அவர் வேலை கற்றுக்கொடுத்தார். இயேசுதாசன் ஃபேரர் பார்க்கில் பந்தாட்டம் பார்க்கப் போனால் கூட்டத்தில் தெரிந்தவர்களிடம் "எங்க வீட்டம்மா சட்டத்தையே மாத்துனாங்க" என்று சொல்லிவிடுவார். அக்காவுக்கு அது பிடிக்காது. "ஒரு சொல்லுதான் சேத்தாங்க" என்பார்.

எண்பத்தொன்பதில் ஓர் ஆன்டிபயாட்டிக் ஊசிமருந்துக்கு நூற்றிருபது பேட்ச் கணக்கோடு இரண்டாவது மனு போட்டோம். அந்த மருந்து தூளோடு சேர்ந்து உறைவதையே தடுத்துவிடும். எவ்வளவு நீர்க்கச் செய்தால் சோதனை ஒழுங்காக நடக்கும் என்று கண்டுபிடிக்கவே அக்காவுக்கு எட்டு மாதம் பிடித்தது. குழு அனுமதி கொடுக்கவில்லை. இன்னும் நூறு பேட்ச் வேண்டும் என்று ஆயிஷா தொலைபேசியில் வருத்தத்தோடு சொன்னார்.

நான் அதை அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவர் கையில் குழாய் இருந்தது. கவிழ்த்து, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்து, எழுதிவிட்டுத்தான் திரும்பினார்.

"நூறுதானே" என்றார். "இதோட சேத்து எண்ண ஆரம்பி."